சக்கரப் பலகையில் ஒரு வாழ்க்கை
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



"மகளிரும் விளையாட்டும்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிற உங்களிடம் பொதுவாகப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு பெண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் காரா-பெத் பர்ன்சைடு. அமெரிக்காக்காரர். 1968 ஜூலையில் கலிபோர்னியாவில் ஆரஞ்சு என்ற ஊரில் பிறந்தவர். தொழில், ஸ்கேட்போர்டு ஓட்டுவது.

சிரிக்கிறீங்க. சிரிக்கலாம். நாலு சக்கரம் வைத்த ஒரு பலகை, அதன்மேல் ஏறி நின்று வழுக்கிக்கொண்டு போவது, இது ஒரு தொழிலா? இந்தக் கேள்வியைத்தான் அவரும் வாழ்க்கை முழுக்க எதிர்கொண்டார். ஆனால் அவர் விஷயத்தில் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. ஆண்கள் ஓட்டினால் தொழில், பெண்கள் ஓட்டினால் பொழுதுபோக்கா? அதற்கு அவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதற்காகத்தான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தேன்.

அவருக்கு முன்னாடி ஒருத்தரைச் சொல்லியே ஆகணும். முதன்முதலில் ஸ்கேட்போர்டு ஓட்டச் சம்பளம் வாங்கிய பெண்மணி. அவர் பெயர் பாட்டி மெக்கீ. பெயர்தான் பாட்டி, அப்போது வயது பத்தொன்பது! அமெரிக்கர்கள் உச்சரிப்பில் சொன்னால் 'பேட்டி' ஆகிவிடும், அதுவும் நமக்கு வேறு அர்த்தம், அதனால் பாட்டி என்றே வைத்துக்கொள்வோம். 1964-ல் பெண்கள் பிரிவில் தேசிய சாம்பியன். 1965 மே 14 தேதியிட்ட 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில், வெறுங்காலோடு, ஓடுகிற பலகையின் மேல் தலைகீழாகக் கையூன்றி நிற்கிறார். ஒரு கம்பெனி அவரை ஊர் ஊராக அனுப்பி, கடைகளுக்கு முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னது. ஆனால் அந்த மோகமே அந்த வருஷத்தோடு முடிந்துவிட்டது. களிமண் கலவையில் செய்த சக்கரங்கள், ஒரு சின்னக் கல் மாட்டினால் போதும், பலகை நின்றுவிடும், ஆள் பறப்பார். கை கால் முறிந்தவர்கள் மருத்துவமனைக்கு வர, ஊராட்சிகள் தடை போட, விற்பனை படுத்துவிட்டது. பாட்டி மெக்கீயின் தொழிலும் அதோடு போயிற்று. பிறகு நெவாடாவில் டர்க்காய்ஸ் கல் தோண்டினார், தோல் வேலை செய்தார், அரிசோனாவில் கடை நடத்தினார். 2010-ல் ஸ்கேட்போர்டு புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர்தான். 2024 அக்டோபரில், 79 வயதில் காலமானார்.

இதை ஏன் சொன்னேன் என்றால், அவர் கீழே விழவில்லை. அவர் நின்ற தரை நகர்ந்துவிட்டது. இது இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நடக்கும், கவனித்துக்கொண்டே வாங்க.

1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரம் வந்தது. ஒரு வகை பிளாஸ்டிக், சாலையைப் பிடித்துக்கொள்ளும், சத்தமும் குறைவு. அதோடு விளையாட்டு உயிர்த்தெழுந்தது. காலி நீச்சல் குளங்களில் பையன்கள் ஓட்ட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து, குளம் மாதிரியே சிமெண்டில் குழி குழியாகக் கட்டி, டிக்கெட் போட்டு உள்ளே விடுகிற பார்க்குகள் கலிபோர்னியா எங்கும் வந்தன. ஆரஞ்சு ஊரில் வந்ததற்குப் பெயர் 'பிக் ஓ'. சிறுமி காரா-பெத் பலகை ஏறியது அங்கேதான். சுற்றிலும் பையன்கள். பெண் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1980-ஐ ஒட்டி இன்சூரன்ஸ் செலவு ஏறிப்போய், பார்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. புல்டோசர் வைத்து இடித்தார்கள். ஓட்டியே தீர வேண்டும் என்றிருந்தவர்கள் வீட்டுக் கொல்லையில் மரச் சட்டம் அடித்து, பிளைவுட் வளைத்து, தாங்களே சாய்தளம் கட்டிக்கொண்டார்கள். பர்ன்சைடு ஒரு 'வெர்ட்' வீராங்கனையாக வளர்ந்தது இந்த உலகத்தில்தான்.

வெர்ட் என்றால் என்ன என்று விளக்கிவிடுகிறேன். நான் இயற்பியல் படித்தவள், இந்த இடத்தை விடமாட்டேன், ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்து 'யூ'வை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் சமதளம், இரண்டு பக்கமும் வளைந்து ஏறுகிற சுவர். சுவர் பத்து, பன்னிரண்டு அடிக்கும் மேல் உயரம். கடைசி ஓர் அடி, இரண்டு அடி செங்குத்தாகவே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். விளிம்பில் ஒரு இரும்புக் குழாய். ஒரு பக்க உச்சியிலிருந்து இறங்கி, எதிர்ப் பக்கம் ஏறி, விளிம்பைத் தாண்டி ஆகாயத்தில் போய், அங்கே சுற்றவோ பலகையைப் பிடிக்கவோ ஏதாவது செய்துவிட்டு, திரும்ப அதே செங்குத்துச் சுவரில் இறங்க வேண்டும்.

இதில் மோட்டார் கிடையாது, காலால் தரையை உதைப்பதும் கிடையாது. உராய்வில் வேகம் குறைந்துகொண்டே வரணுமே, பிறகு எப்படி விளிம்பைத் தாண்டுகிறார்கள்? பதில் நம்ம ஊர் ஊஞ்சலில் இருக்கிறது. ஊஞ்சல் பலகையில் நின்றுகொண்டு ஆடியவர்களுக்குத் தெரியும். கீழே வருகிறபோது உடம்பை மடக்கி, சரியான இடத்தில் நிமிர்ந்தால், யாரும் தள்ளாமலே ஊஞ்சல் உயரம் ஏறும். அதேதான் இங்கேயும். வளைவில் நுழையும்போது உட்கார்ந்த மாதிரி மடங்குகிறார்கள். வளைவில் உடம்பு இரண்டு மூன்று மடங்கு கனக்கும். அந்தக் கனத்தை எதிர்த்துத் தொடையால் உந்தி நிமிர்கிறார்கள். செய்த வேலை அத்தனையும் வேகமாக மாறுகிறது. ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் வேகம் கிடைக்காது. தொடை பலம், இடுப்பு, நேரம் பார்க்கிற புத்தி, இது மூன்றும்தான் வெர்ட். பெண்ணுக்கு இது முடியாது என்று சொல்ல இயற்பியலில் ஒரு விதியும் இல்லை.

1989 ஆகஸ்ட் மாத 'திராஷர்' இதழின் அட்டையில் பர்ன்சைடு வந்தார். ஸ்கேட்போர்டு உலகத்துக்கு அந்தப் பத்திரிகை எப்படி என்றால், சங்கீதக்காரர்களுக்கு மார்கழிக் கச்சேரி மேடை மாதிரி. 1981-ல் தொடங்கிய மாத இதழ். அதன் அட்டையில் இடம் பிடித்த முதல் பெண் இவர். இரண்டாவதாக ஹைமி ரேயஸ் 1994-ல் வந்தார். அதற்கடுத்து? 2017-ல் லிஸ்ஸி அர்மாண்டோ. நடுவில் இருபத்து மூன்று வருஷம் காலி. மாதம் ஒரு இதழ், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சரி, தொழில்முறை என்றால் இந்த விளையாட்டில் காசு எங்கிருந்து வருகிறது? மாணவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளணும். நம்ம கிரிக்கெட் மாதிரி வாரியம், ஒப்பந்தம் எதுவும் இங்கே கிடையாது. முதல் படியில் கம்பெனி இலவசமாகப் பலகையும் காலணியும் தரும், அவ்வளவுதான். நீங்க நல்லா ஓட்டி, பேர் வந்தால், உங்கள் பெயர் போட்ட பலகையைக் கடைக்கு அனுப்பி, விற்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு தருவார்கள். அன்றைக்குத்தான் ஒருவர் 'புரோ' ஆகிறார். அதற்கு மேல் காலணி ஒப்பந்தம், போட்டிப் பரிசு. ஆக, ஒருவர் புரோவா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது நடுவர் இல்லை. கடைக்காரர்தான். பெண் பெயர் போட்ட பலகையைப் பையன்கள் வாங்கமாட்டார்கள், பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. பர்ன்சைடுக்கு 1990-களில் வேன்ஸ் நிறுவனம் அவர் பெயரிலேயே ஒரு ஸ்கேட் காலணி வெளியிட்டது. ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் ஸ்கேட் காலணி அது. பெரிய விஷயம்தான். இருந்தாலும் ஒரு ஜோடி காலணியை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

அதே பத்தாண்டில் இன்னொரு பெண்மணி, புளோரிடாவைச் சேர்ந்த எலிஸ்ஸா ஸ்டீமர், வீதியில் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி மேலெல்லாம் ஓட்டுகிற வகையில் ஆண்களோடு சமமாக நின்றார். 1999-ல் வந்த டோனி ஹாக் வீடியோ விளையாட்டில் இருந்த ஒரே நிஜ வீராங்கனை அவர்தான். இங்கே இருக்கிற தம்பிகள் சிலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், வெளியே சொல்லமாட்டீங்க.

1990-களின் தொடக்கத்தில் மறுபடியும் தரை நகர்ந்தது. வெர்ட்டுக்கு மவுசு போய், வீதி ஸ்கேட்டிங் வந்துவிட்டது. பர்ன்சைடு என்ன செய்தார் தெரியுமா? பனிமலைக்குப் போனார். ஸ்னோபோர்டு, அதாவது சக்கரமில்லாத பலகையைக் காலில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது. அதிலும் பனியால் ஆன ஒரு 'யூ' வடிவப் பள்ளம் உண்டு, ஹாஃப்பைப் என்பார்கள். கொல்லை ராம்பில் கற்ற வித்தை அப்படியே அங்கே செல்லுபடியானது. அந்த விளையாட்டில் பெண்களுக்கு அப்போது கொஞ்சம் நல்ல சம்பளமும் இருந்தது. ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1998-ல், ஜப்பானில் நகானோவில். அமெரிக்க அணியில் பர்ன்சைடு. வயது 29. வெண்கலம் வாங்கியவருக்கு 72.8 புள்ளி. பர்ன்சைடுக்கு 72.6. நாலாவது இடம்.

நம்ம ஊரில் நாலாவது இடம் என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 1984-ல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டாரே, மறுநாள் காலை இந்த விடுதியில் பேப்பரைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தது என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும். பர்ன்சைடு அந்த நாலாவது இடத்தோடு பனிமலையில் தங்கிவிடவில்லை. திரும்ப வெர்ட்டுக்கே வந்தார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி 1995-ல் ஒரு போட்டியைத் தொடங்கியது, எக்ஸ் கேம்ஸ் என்று பெயர். ஸ்கேட்போர்டு, சைக்கிள், மோட்டார் சைக்கிள் சாகசங்கள். இந்த விளையாட்டுகளுக்கு அதுதான் பெரிய மேடை, டோனி ஹாக் 1999-ல் இரண்டரைச் சுற்று, அதாவது 900 பாகை சுற்றி இறங்கியதும் அங்கேதான். அந்த மேடையில் பெண்கள் ஸ்கேட்போர்டுக்குப் பதக்கம் கொடுக்க ஆரம்பித்தது எப்போது? 2003-ல். எட்டு வருஷம் கழித்து. பர்ன்சைடுக்கு அப்போது 35 வயது. அந்த வயதில் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தங்கம் வென்றார். எதிரே நின்றவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. 2004-ல் பெண்கள் வெர்ட் தங்கம் வாங்கிய லின்-சி ஆடம்ஸ் ஹாக்கின்ஸுக்குப் பதினாலே வயது.

பரிசுப் பணம் எவ்வளவு தெரியுமா? 2005-ல் வெர்ட்டில் முதலிடம் பிடித்த ஆணுக்கு 50,000 டாலர். பெண்ணுக்கு 2,000 டாலர். அதே ராம்ப், அதே செங்குத்துச் சுவர், விழுந்தால் உடைகிற எலும்பும் அதே எலும்பு. இருபத்தைந்தில் ஒரு பங்கு!

ஏன் என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். பெண்கள் போட்டியைப் பார்க்க ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை? தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. ஏன் காட்டுவதில்லை? போட்டியிடும் பெண்கள் குறைவு. ஏன் குறைவு? காசில்லை, ஸ்பான்சர் இல்லை. ஏன் ஸ்பான்சர் இல்லை? தொலைக்காட்சியில் காட்டுவதில்லை! செக்குமாடு மாதிரி அதே இடத்தையே சுற்றிவரும் இந்த வாதம். சுற்றுகிறவர்களுக்கு இது நியாயமாகவே தெரியும்.

ஒரு சின்ன விஷயம், குறுக்கே சொல்லிவிடுகிறேன். நான் கைப்பந்து ஆடிய காலத்தில் ஒரு போட்டிக்குப் போயிருந்தோம். நடத்தியவர்கள் ஆண்கள் அணிக்கு ஓட்டலில் டோக்கன் கொடுத்தார்கள், எங்களுக்குத் தயிர்சாதப் பொட்டலம். கேட்டதற்கு, "பொம்பளப் பிள்ளைங்க, வெளிய போய்ச் சாப்பிட வேண்டாமேன்னுதாம்மா" என்றார் ஒருவர். அவ்வளவு அன்பாகச் சொன்னார், எங்களுக்குப் பதில் பேச வாய் வரவில்லை. இப்படிப்பட்ட வித்தியாசங்களில் பாதி இந்த மாதிரி அன்பாகத்தான் வந்து சேரும். தயிர்சாதம் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

பர்ன்சைடு, மிமி நூப் இன்னும் சிலர் சேர்ந்து 2005-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். பிற்பாடு ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் அலையன்ஸ் என்று அறியப்பட்டது. கூடவே ஒரு வழக்கறிஞர். இவர்கள் வைத்த கோரிக்கை பணம் மட்டும் இல்லை. எங்கள் போட்டியையும் தொலைக்காட்சியில் காட்டுங்கள் என்றார்கள். செக்குமாட்டை நிறுத்த வேண்டிய இடம் அதுதான் என்று சரியாகப் பிடித்துவிட்டார்கள். நடக்காவிட்டால் நாங்கள் போட்டியில் இறங்கமாட்டோம் என்று சொன்னார்கள்.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது ஒன்று உண்டு. உயர்மட்டத்தில் வெர்ட் ஓட்டுகிற பெண்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அந்தக் குறையைக் காட்டித்தான் அவர்களுக்குக் காசு மறுக்கப்பட்டது. ஆனால் கொஞ்சம் பேர் என்பதாலேயே, அவர்கள் பேசிவைத்து விலகினால் போட்டியே நடக்காது, அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேறு ஆள் கிடையாது! எதைக் காட்டிச் சம்பளம் குறைத்தார்களோ அதையே பிடித்து இவர்கள் ஏறிவிட்டார்கள். அதே சமயம் ஆபத்தும் சிறியதில்லை. பதினாலு வயதுப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் உண்டு. 37 வயதான பர்ன்சைடுக்கு எத்தனை வருஷம் மிச்சம்? தன் கடைசிப் போட்டிகளாக இருக்கக்கூடியவற்றை அவர் பணயம் வைத்தார். கூட நின்ற சின்னப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் நின்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஈ.எஸ்.பி.என். பேச்சுவார்த்தைக்கு வந்தது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, பரிசுத் தொகை படிப்படியாக உயர்ந்தது. 2008-ல் எக்ஸ் கேம்ஸில் ஆண் பெண் இருபாலருக்கும் சமப் பரிசு என்று அறிவித்தார்கள். டென்னிஸில் விம்பிள்டன் சமப் பரிசுக்கு வந்தது 2007-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க ஓப்பனில் பில்லி ஜீன் கிங் 1973-லேயே வாங்கிக்கொடுத்துவிட்டார், விம்பிள்டனுக்கு அதற்குமேல் முப்பத்து நாலு வருஷம் தேவைப்பட்டது.

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா?" என்று மேடைக்கு வருமுன்பே ஒரு மாணவி கேட்டாள். நடந்திருக்கிறது தங்கச்சி, நம்ம சென்னையில் வளர்ந்த பெண்ணே செய்திருக்கிறாள். ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல். தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், பெண்களுக்கு ஐம்பதாயிரம் என்று பரிசு வைத்திருந்தார்கள். 2012 முதல் 2015 வரை நாலு வருஷம் அவர் அந்தப் போட்டிக்கே போகவில்லை. 2016-ல் பரிசைச் சமமாக்கிய பிறகுதான் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் சங்கம் கிங்கம் ஒன்றும் இல்லை, தனியாளாக உட்கார்ந்துகொண்டார். இன்னும் கஷ்டமான காரியம்.

ஸ்கேட்போர்டுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மாமல்லபுரத்தில் பலகை ஓட்டிய கமலி என்ற சிறுமியைப் பற்றி சாஷா ரெயின்போ என்பவர் எடுத்த குறும்படம், 2020 பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் அதே பிரிவில் ஜெயித்த படமும் பெண் பிள்ளைகள் ஸ்கேட்போர்டு கற்பதைப் பற்றியதுதான். அது காபூலில் எடுத்தது. அதே படம் ஆஸ்காரும் வாங்கிற்று.

கதைக்கு வருகிறேன். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சமப் பரிசு வாங்கியாச்சு, சுபம் என்று முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். நடந்தது வேறு. 2008-ல் பர்ன்சைடும் மிமி நூப்பும் சேர்ந்து ஹூப்லா என்று பெண்களுக்கான பலகைக் கம்பெனி ஒன்று ஆரம்பித்தார்கள். கடைக்காரர்தான் புரோவைத் தீர்மானிக்கிறார் என்று சொன்னேன் இல்லையா, நாமே கடைக்காரர் ஆகிவிடுவோம் என்று இறங்கினார்கள். 2009-ல் லின்-சி ஒன்றரைச் சுற்று, 540 பாகை, சுற்றி இறங்கினார், வெர்ட்டில் அதைச் செய்த முதல் பெண். எல்லாம் ஏறுமுகம். 2011-ல் எக்ஸ் கேம்ஸ் பட்டியல் வந்தபோது பெண்கள் வெர்ட் என்ற பிரிவே அதில் இல்லை.

பரிசு சமம்தான். போட்டியே இல்லாவிட்டால் எதைச் சமமாகக் கொடுப்பது? ஆள் குறைவு என்பது 2005-ல் கையில் இருந்த ஆயுதம். ஆறு வருஷத்தில் அதே காரணம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. வீதிப் பிரிவு தொடர்ந்தது, வெர்ட் போயிற்று. அந்தப் பிரிவுக்காகவே வாழ்ந்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சேர்த்துச் சொல்லாமல் சமப் பரிசை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்குவது நியாயமாகப் படவில்லை. சம்பளத்துக்காகப் பேசும்போது வேலை இருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளணும், இங்கே தொழிற்சங்கத்தில் இருக்கிற நண்பர்கள் தலையாட்டுகிறார்கள்.

பிறகு ஒலிம்பிக் வந்தது. 2020 டோக்கியோ ஒலிம்பிக், கொரோனாவால் 2021-ல் நடந்ததே, அதில்தான் ஸ்கேட்போர்டு முதன்முறையாகச் சேர்ந்தது. வீதி, பார்க் என்று இரண்டு வகை, வெர்ட் கிடையாது. பெண்கள் வீதிப் பிரிவில் மேடை ஏறிய மூவரின் வயதைச் சொல்கிறேன்: தங்கம் மொமிஜி நிஷியா, ஜப்பான், 13. வெள்ளி ரெய்ஸா லியால், பிரேசில், 13. வெண்கலம் ஃபுனா நகயாமா, ஜப்பான், 16. பார்க் பிரிவில் வெள்ளி வாங்கிய கொகோனா ஹிராக்கிக்குப் பன்னிரண்டு வயது! அமெரிக்க அணியின் பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர் அதே மிமி நூப்.

ஒலிம்பிக்கில் ஒரு நல்ல காரியம், ஆண்களுக்கு எத்தனை இடமோ பெண்களுக்கும் அத்தனை இடம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அதன் பிறகு பல நாடுகளில் அரசாங்கமே பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் போட்டு, ராம்ப் கட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. பர்ன்சைடு கொல்லையில் பிளைவுட் ராம்பில் ஓட்டியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2023-ல் எக்ஸ் கேம்ஸ் பெண்கள் வெர்ட் பிரிவைத் திரும்பக் கொண்டுவந்தது. தங்கம் வாங்கியது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அரிசா ட்ரூ என்ற 13 வயதுப் பெண். அதற்குச் சற்று முன்புதான் அவள் இரண்டு முழுச் சுற்று, 720 பாகை, சுற்றி இறங்கியிருந்தாள். அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாதது. 2024 மே மாதத்தில் டோனி ஹாக் செய்த அந்த 900 பாகையையும் செய்துவிட்டாள். வயது 14. சில மாதம் கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்க் பிரிவில் தங்கமும் வாங்கினாள்.

அரிசா பிறந்தது 2010 மே மாதம். பெண்கள் வெர்ட் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவதற்கு முந்தைய வருஷம். பர்ன்சைடு அதில் ஓட்டியதை அவள் நேரில் பார்த்திருக்க வழியே இல்லை.

மாணவிகள் கேட்க நினைக்கிற கேள்விகளை மாலையில் தேநீர் நேரத்தில் கேளுங்கள், மைதானத்துப் பக்கம்தான் இருப்பேன்.